காளான் லெக்டின் ரத்தத்தைக் கட்டியாக்குமா?

கேள்வி: மகள் பட்டன் காளானைப் பச்சையாக நறுக்கி சாலட்டில் போடுகிறாள். காளானில் உள்ள லெக்டின் ரத்த அணுக்களைக் கட்டியாக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதே லெக்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று காளான் பொடியும் விற்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டிலும் பாதி உண்மை உண்டு. இரண்டுமே சோதனைக்கூடத்திலிருந்து ஒரே தாவலில் அடுப்படிக்கு வந்தவை.

லெக்டின் ஒரு புரதம். நம் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தனக்குப் பொருந்துவதை லெக்டின் பிடித்துக்கொள்ளும். நொதியைப் போல வெட்டாது, பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கைகள் பல. ஒரு கை ஒரு சிவப்பணுவையும் இன்னொரு கை அடுத்ததையும் பிடித்தால் அணுக்கள் வலைபோலப் பின்னிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சிறு குழிகள் உள்ள தட்டில், லெக்டின் இல்லாத குழியில் சிவப்பணுக்கள் சரிந்து அடியில் பொட்டு வைத்ததுபோல் சேரும். லெக்டின் உள்ள குழியிலோ பாய் விரித்ததுபோல் பரவி நிற்கும். பொருத்தமான சர்க்கரையை முதலிலேயே கரைத்து ஊற்றினால் லெக்டினின் கை நிறைந்துவிடும், மறுபடி பொட்டுதான். புல்வெளியில் வளையமாக முளைக்கும் மராஸ்மியஸ் ஓரியேட்ஸ் காளானின் லெக்டின், பி ரத்த வகைச் சிவப்பணுக்களைத்தான் தேடிப் பிடிக்கும்.

சரி, காளானுக்கு இது எதற்கு? பெரும்பாலும் காவலுக்கு. காப்ரினாப்சிஸ் சினிரியா என்ற காளானின் ஒரு லெக்டினைத் தயாரிக்கும் பாக்டீரியாவை நூற்புழுக்களுக்கு உணவாகக் கொடுத்தார்கள், புழுக்கள் செத்தன. அந்த லெக்டின் பிடிக்கிற சர்க்கரை இல்லாத மரபுமாற்றப் புழுக்கள் பிழைத்துக்கொண்டன.

சமையலுக்கு வருவோம். லெக்டின் பயம் கிளம்பியது பச்சை ராஜ்மாவால். அதன் லெக்டின் நிஜமாகவே வாந்தி வரவைக்கும். பட்டன் காளானை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மகள் நாலு துண்டு பச்சையாகத் தின்றதற்குப் பதற வேண்டாம். இருந்தாலும் வதக்கிச் சாப்பிடுவதே என் கட்சி: சூட்டில் பெரும்பாலான புரதங்கள் உருக்குலையும், செரிமானமும் எளிது. சிப்பிக் காளானை மட்டும் பச்சையாகத் தரவே வேண்டாம். அதில் ஆஸ்ட்ரியோலைசின் என்று சிவப்பணுவைத் துளைக்கும் புரதம் இருக்கிறது. அது லெக்டின் பிடிப்பதுபோல அல்ல, வேறு வேலை. சமைத்தால் செயலிழந்துவிடும்.

அப்புறம் அந்தப் பொடி. 1993இல் லிவர்பூல் ஆய்வாளர்கள், பட்டன் காளான் லெக்டின் பெருங்குடல் புற்றுநோய் செல்களின் பெருக்கத்தை, அவற்றைக் கொல்லாமலே, தடுப்பதைக் காட்டினார்கள். லெக்டினை நீக்கியதும் செல்கள் மறுபடி பெருகின. அது தட்டில் வளர்த்த செல். பொடி விற்பவரிடம் அதில் எவ்வளவு லெக்டின் மிஞ்சியிருக்கிறது, எத்தனை டிகிரியில் உலர்த்தினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.