நான்கு ஓட்டை பொருந்தினால் சக்கரம் பொருந்திவிடுமா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஸ்விஃப்ட் கார் வைத்திருக்கிறேன். இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு, பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய 15 அங்குல அலாய் வீல் நான்கை வாங்கிப் போட்டேன். “ரெண்டும் நாலு ஓட்டைதான், அப்படியே உட்காரும்” என்றார் கடைக்காரர். உட்காரவும் செய்தது. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்தும் தீரவில்லை. ரிம்மில் குறையா?

பதில்: ரிம்மில் குறை இல்லாமலேயே இப்படி நடக்கும். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, பாதி உண்மை. ஓட்டைகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பி.சி.டி. எனப்படுவது, நான்கு ஓட்டைச் சக்கரத்தில் எதிரெதிரே உள்ள இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தாலே அது கிடைத்துவிடும். ஸ்விஃப்ட், சிட்டி இரண்டிலும் அது 100 மில்லிமீட்டர். வேறுபாடு இருப்பது நடுவில் உள்ள பெரிய துளையில்.

சக்கரத்தைத் தாங்குவது நட்டுகள் என்று பலரும் நினைக்கிறோம். நட்டுகளின் வேலை சக்கரத்தை ஹப்போடு, அதாவது காரில் சக்கரம் மாட்டப்படும் சுழலும் பாகத்தோடு, சேர்த்து இறுக்கிப் பிடிப்பது. சக்கரத்தைச் சரியாக நடுவில் நிறுத்துவது, ஹப்பின் நடுவே எழும்பி நிற்கும் வளையமும் அதன்மேல் இடைவெளியின்றி அமரும் மையத் துளையும்தான். உங்கள் காரின் ஹப்புக்கு 54.1 மில்லிமீட்டர் துளை வேண்டும்; சிட்டியின் சக்கரத்தில் அது 56.1 மில்லிமீட்டர். அதாவது சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்து, சக்கரம் ஹப்பின்மேல் அமராமல் நட்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பேலன்சிங் ஏன் உதவவில்லை என்பதற்கும் இதுவே விடை: அந்த இயந்திரம் சக்கரத்தை அதன் மையத் துளையில் கூம்பு செருகிப் பிடித்துச் சுழற்றுவதால், அங்கே எல்லாம் சரியாகவே காட்டும், காரில் மாட்டியதும் மையம் விலகிவிடும்.

இந்த இடைவெளியை அடைக்க, வெளிவிட்டம் 56.1, உள்விட்டம் 54.1 என்ற அளவில் ‘ஹப் ரிங்’ கிடைக்கிறது. பிளாஸ்டிக்கிலும் வரும், அலுமினியத்திலும் வரும். சுவர் ஒரே மில்லிமீட்டர் கனம் என்பதால் நான் அலுமினியத்தைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஆனால் நடுக்கத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. எந்த நட்டைப் போட்டு இறுக்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய ஸ்விஃப்ட் நட்டையே போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்விஃப்ட் நட்டின் அடிப்பகுதி கூம்பாக இருக்கும். ஹோண்டாவின் சொந்த ரிம்மில் நட்டு அமரும் இடம் கிண்ணம்போல் உருண்டு குழிந்திருக்கும், ஏனெனில் அந்நிறுவன நட்டின் அடிப்பகுதி பந்துபோல் உருண்டது. கிண்ணத்துக்குள் கூம்பை வைத்து அழுத்தினால் முழுப்பரப்பும் படியாது, மெல்லிய ஒரு கோட்டில் மட்டும் தொடும். அந்த நட்டு ஓட்டத்தில் தளரும். ஒரு நட்டைக் கழற்றி அது அமர்ந்த இடத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அகலமான பட்டையாகத் தேய்ந்து பளபளத்தால் பொருத்தம் சரி. நூல்போல ஒரே வளையக்கோடு தெரிந்தால் அந்தக் காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அதற்காக ஹோண்டா நட்டை வாங்கிப் போடவும் முடியாது. உங்கள் காரின் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைக் கம்பி, 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.25 மரை இடைவெளியும் கொண்டது, ஹோண்டா நட்டின் மரையோ 1.5, பானாவைப் போட்டு முறுக்கி ஏற்றினால் ஸ்டட்டின் மரைதான் அழியும். உருண்ட அடியும் 1.25 மரையும் கொண்ட நட்டு கிடைத்தால் ரிங்கோடு சேர்த்து மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் ரிம்மைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

பில்லில் “ஸ்விஃப்ட்டுக்குப் பொருந்தும்” என்று எழுதி வாங்கியிருந்தால் பேச்சு எளிது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதியலாம். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பில்லே இல்லையென்றால் வாதம் பலவீனம்தான். இன்னொன்று, ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு ரிம்தானே? அதற்குக் கூம்பு நட்டுதான் வேண்டும். நட்டு மாற்றினாலும் பழைய நட்டுகளில் நான்கை டிக்கியில் போட்டு வையுங்கள்.

கேள்வி: என் காரில் இருப்பது 15 அங்குல ரிம், 6ஜே, ஈ.டி. 45 என்று பொறித்திருக்கிறது. கடையில் 16 அங்குலத்தில் 7ஜே, ஈ.டி. 35 இருக்கிறது, பி.சி.டி., மையத் துளை இரண்டும் ஒன்றே என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதல் எண் டயர் அமரும் இடத்தின் விட்டம். ‘6’ என்பது ரிம்மின் இரு விளிம்புகளுக்கு இடைப்பட்ட உள் அகலம், அங்குலத்தில். ‘ஜே’ என்பது டயரை வெளியே நழுவாமல் தடுக்கும் அந்த விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. விளிம்பை அடுத்து டயரின் ஓரம் அமரும் மேடையும், டியூப்லெஸ் டயர் காற்றுக் குறைந்தாலும் உள்ளே சரியாமல் காக்கும் சிறு மேடும், டயரை ஏற்றி இறக்க இடம் தரும் நடுப்பள்ளமும் இருக்கின்றன. இவற்றைக் கடைக்காரர்களே பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஈ.டி. எண்ணை.

சக்கரத்தின் அகலத்தை நேர்பாதியாகப் பிரிக்கும் கோட்டிலிருந்து, ஹப்பில் படியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே அது. எண் குறையக் குறையச் சக்கரம் காரைவிட்டு வெளியே நகரும். உங்கள் கணக்கில், ஈ.டி. குறைவதால் 10 மில்லிமீட்டரும், ஓர் அங்குலம் அகலம் கூடியதில் பாதியான 12.7 மில்லிமீட்டரும் சேர்ந்து, வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. உட்புறமோ 2.7 மில்லிமீட்டர்தான் நெருங்குகிறது, அங்கே பெரும்பாலும் இடிக்காது. வெளியே வந்த சக்கரம், பின்சீட்டில் மூன்று பேர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டில் உரசும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். நானாக இருந்தால் 6ஜே அல்லது 6.5ஜே அகலத்தில், ஈ.டி. 40-க்குக் குறையாமல் தேடுவேன். டயரின் மொத்த உயரம் மாறக்கூடாது: 185/65 ஆர் 15 டயரின் விட்டம் 621.5 மில்லிமீட்டர், 195/55 ஆர் 16 டயரின் விட்டம் 620.9. இந்த மாற்றத்தில் ஸ்பீடோமீட்டர் கணக்குத் தப்பாது. ரிம் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கி வளைந்த அலாய் வீலை நிமிர்த்தி விற்கிறார்கள். பாதி விலை. வாங்கலாமா?

பதில்: விளிம்பு மட்டும் லேசாக வளைந்து நிமிர்த்தியிருந்தால், சுழற்றிப் பார்த்துவிட்டு வாங்கலாம். விரிசலை வெல்டிங் வைத்து மூடியதை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வார்ப்பு அலுமினியத்துக்கு வெப்பப் பதப்படுத்தலால் கிடைத்த உறுதி, வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் குறைந்துவிடும். கடைகளில் முகப்பை மட்டும் மெருகேற்றி நம் பக்கம் திருப்பி அடுக்கியிருப்பார்கள். நீங்கள் சக்கரத்தைக் கவிழ்த்து, உட்புற உருளைப் பகுதியைத் துணியால் துடைத்து, விரல் நகத்தைச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் பிரேக் தூசி படிந்திருக்க, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் புதிய வெள்ளிப் பெயின்ட் இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.