பாய்ட்டனா, ஆஷ்லண்டா?

வணக்கம். 1830-இல் சாசனம் பெற்ற ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியின் ஊரை ஒரு நூல் பாய்ட்டன் என்றும் இன்னொன்று ஆஷ்லண்ட் என்றும் சொல்வதால், உங்கள் கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியே. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மெதடிஸ்டுகள் என்னும் கிறித்தவத் திருச்சபையினர் அதை முதலில் அம்மாநிலத்தின் தென்கோடியிலுள்ள பாய்ட்டனில்தான் நடத்தினார்கள். உள்நாட்டுப் போரில் அவ்வூருக்கான இரயில் பாதை அழிந்துபோகவே, 1868-இல் ஆஷ்லண்டுக்கு மாற்றினார்கள். ஆகவே அதற்கு முந்தைய செய்திகளுக்குப் பாய்ட்டன் என்றே குறியுங்கள். இன்றும் ஆஷ்லண்டின் நடுவே ஓடும் தண்டவாளம் வளாகத்தை ஒட்டியே செல்கிறது என்பது பொருத்தமான வேடிக்கைதான். மாணவர் வாழ்வை எழுதும்போது வாஷிங்டன், ஃபிராங்க்ளின் என்னும் இரு இலக்கியச் சங்கங்களை விட்டுவிடாதீர்கள். 1872-இல் எழுந்த செங்கல் கட்டடம் அவற்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. கல்லூரிக்குப் பெயர் தந்த ஜான் ராண்டால்ஃபும் நத்தானியேல் மேக்கனும் அரசியல்வாதிகள், போதகர்கள் அல்லர்.