இனிப்பு நீருக்குப் பேச்சு மருந்தாகுமா? சுங்கை சிப்புட் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள்

மலேசியாவில் நாட்பட்ட நோயாளிகளோடு பல ஆண்டுகளாகப் பேசிவரும் பதிவு பெற்ற மனநல ஆலோசகர் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). சர்க்கரை அளவு இறங்கவில்லை. மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். எனக்கென்ன பைத்தியமா? (முன்னாள் பால்மரத் தொழிலாளி, 61)

இல்லவே இல்லை, ஐயா. உங்கள் களைப்பு டாக்டரின் கண்ணில் பட்டிருக்கிறது. விரலைக் குத்துவது, ஊசி போடுவது, சோற்றை அளப்பது என ஒரு நாளும் விடுப்பில்லாத வேலை இது. சலிப்பில் மாத்திரை தவறும், அளவு ஏறும், திட்டு விழும், அடுத்த முறை கிளினிக் பக்கம் போகவே மனம் வராது.

ஒருவர் என்னிடம் தம் சர்க்கரைக் குறிப்பு நோட்டைக் காட்டினார். (அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.) பக்கத்துக்குப் பக்கம் 6.5, 6.8 (மில்லிமோல் கணக்கில்) என்று நல்ல அளவுகள். அத்தனையும் ஒரே நீல மையில், முதல் நாள் இரவு உட்கார்ந்து எழுதியவை. டாக்டர் கோபிப்பாரே என்ற பயம். மூன்று சந்திப்புகள் அந்தப் பயத்தைப் பற்றியே பேசினோம். நான்காம் முறை 11, 14 என்று எழுதிக்கொண்டு வந்தார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! உண்மையான எண் கிடைத்தால்தானே டாக்டர் மருந்தின் அளவை மாற்ற முடியும்?

செம்பனைக் குலை வெட்டி வெட்டி முதுகு போய்விட்டது. பேசினால் வலி போகுமா?

வலி முழுவதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன், தம்பி. வலி உங்கள் நாளை விழுங்குவது குறையும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுகிறீர்கள் அல்லவா? கடிகாரத்தைப் பார்த்து, வலி வருவதற்கு முன்பே ஓய்வெடுக்கப் பழக வேண்டும். 'இனி நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணத்தையும் எடுத்து வைத்து, அது உண்மைதானா என்று சோதிப்போம். எண்ணத்தைச் சோதிக்கும் இந்த முறை, 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக வகுத்தது. இன்று நாட்பட்ட வலிக்கும் பயன்படுகிறது.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். யாரோடும் பேசுவதில்லை. 'போதும்' என்கிறார். (மகள், 34)

இதைத் தள்ளிப்போடாதீர்கள், தங்கை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அசதியும் பசியின்மையும் சிறுநீரக நோயாலும் வரும் என்பதால் டாக்டர்தான் பிரித்தறிய வேண்டும். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, அம்மா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555. நீங்கள் கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது? உங்களுக்காகவும் அந்த எண்ணை அழைக்கலாம்.

கோயிலில் வேண்டிக்கொண்டால் போதாதா?

தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள், ஆலோசனைக்கும் வாருங்கள். காவடிக்கு விரதம் இருப்பதற்கு முன் இன்சுலின் அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

செலவு? தமிழில் பேச முடியுமா?

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. ஆலோசகரைப் பார்க்க அங்கே மேல்சிகிச்சைக் கடிதம் கேளுங்கள். தனியாரிடம் போனால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மகனை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அவன் எதிரில் உங்களால் அழ முடியாது.