மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், கனெக்டிகட்டில் இருக்கிறாள். இது ஐந்தாம் மாதம். தோட்டத்தில் களை பிடுங்கியபோது உண்ணி கடித்து, தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகச் சிவந்துவிட்டது. லைம் நோய் என்று சொல்லி, அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, 14 நாளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம்கூட எடுத்துப் பார்க்கவில்லை. முதல் நாள் ராத்திரியே காய்ச்சலும் உடம்பு வலியும் கூடி, மறுநாள் தணிந்தது. 'மாத்திரை சூடு, பிள்ளைக்கு ஆகாது, நிறுத்தச் சொல்' என்கிறார் அவளுடைய அப்பத்தா. நிறுத்தலாமா?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் ஆச்சி. இன்றைக்கே போன் போட்டு, 14 நாளும் ஒரு வேளை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

அமாக்ஸிசிலின் கர்ப்பிணிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுத்துவரும் மருந்து. காரைக்குடியில் என்னிடம் வருபவர்களுக்குப் பல் வீக்கம், தொண்டைப் புண் என்றால் நானும் இதைத்தான் எழுதுகிறேன். லைம் நோய்க்கு மற்றவர்களுக்கு வழக்கமாகத் தருவது டாக்ஸிசைக்ளின். அந்த வகை மருந்துகள் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கலாம் என்பதால்தான் உங்கள் மகளுக்கு இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிள்ளையை நினைத்துக் கொடுத்த மருந்து அது. பயப்பட வேண்டியது வைத்தியம் பார்க்காமல் விட்ட லைம் நோய்க்கு. அந்தக் கிருமி அபூர்வமாக நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகலாம். சரியான மருந்தை முழுதாக எடுத்துக்கொண்ட தாய்மார்களுக்குப் பெரும்பாலும் நல்லபடியாகவே பிள்ளை பிறக்கிறது.

ரத்தம் எடுக்காதது அலட்சியம் இல்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரியச் சில வாரம் ஆகும். அதற்கு முன் பார்த்தால் 'இல்லை' என்று வந்து நம்மை ஏமாற்றிவிடும். இந்த நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊரே கனெக்டிகட்டில்தான் இருக்கிறது. அந்த வட்டத்தை அங்குள்ள மருத்துவர்கள் பார்த்துப் பழகியவர்கள்.

முதல் நாள் காய்ச்சல் கூடியதுதான் உங்களைக் கலங்கடித்திருக்கிறது, புரிகிறது. கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது சிலருக்கு முதல் 24 மணி நேரத்தில் இப்படி ஏறி இறங்கும். சூடு அல்ல. ஆனாலும் வயிற்றில் பிள்ளை இருப்பதால், அங்குள்ள மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு முட்டல் வந்தால் அது ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போதும் வேறு மருந்து உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடுமையான தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் வந்தாலோ காத்திருக்கவே கூடாது.

அப்பத்தாவிடம் நீங்களே பக்குவமாகப் பேசுங்கள். அவர் பயமும் பிள்ளைமேல் உள்ள பாசம்தானே. தாய்ப்பால் வழியாக இந்த நோய் பரவியதாகத் தகவல் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம், பிரசவத்துக்குப் பள்ளத்தூர் வருவதாக இருந்தால் மருந்துச் சீட்டு கையோடு வரட்டும். இங்கே காய்ச்சல் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஸ்க்ரப் டைஃபஸ்; அதைப் பரப்புவதும் ஒரு சின்னப் பூச்சிதான், ஆனால் நோய் வேறு, அதற்கு அமாக்ஸிசிலின் கேட்காது. லைம் எதிர்ப்புப் பொருள், குணமான பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். அதனால் 'எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று இங்கே லைமுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம்.