10 கிகாபிட் லைனில் 5 மெகாபிட்தான் வருகிறதா?

கேள்வி: சார், 10 கிகாபிட் லைன், பிங் (பாக்கெட் போய்வர ஆகும் நேரம்) 100 மில்லிசெகண்ட். நாங்களே எழுதிய ஃபைல் அனுப்பும் புரோகிராம் 5 மெகாபிட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. லைனில் கோளாறா?

பதில்: லைனைத் திட்டாதீர்கள். சாக்கெட் பஃபரை, அதாவது இணைப்பில் போகும் தரவு தங்கும் மெமரியை, 64 கேபி என்று கோடில் நீங்களே வைத்திருப்பீர்கள். டிசிபி (தரவு தொலையாமல் சேர்க்கும் புரோட்டோகால்) ஒரு விண்டோ அளவு, அதாவது ஒப்புகைக்கு முன் அனுப்பக்கூடிய அளவு, அனுப்பிவிட்டு, ஒப்புகை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 64 கேபி. கணக்குப் போட்டால் அதே 5 மெகாபிட் சொச்சம். லைன் நிரம்ப 125 எம்பி எப்போதும் வழியில் இருக்க வேண்டும். பாக்கெட்டின் தலைப்பகுதியான ஹெடரில் விண்டோவுக்கு 16 பிட்தான், அதாவது 64 கேபிதான் என்பதால், அதைப் பெருக்கிக்கொள்ளும் விண்டோ ஸ்கேலிங் 1992-லேயே வந்துவிட்டது. லினக்ஸ் பஃபரைத் தானே வளர்க்கும். நீங்கள் அளவைக் குறித்தால் வளர்ப்பதை நிறுத்திவிடும். அந்த வரியை நீக்கிவிட்டு, லினக்ஸின் மையமான கெர்னலில் பஃபரின் உச்சவரம்பை உயர்த்துங்கள்.

கேள்வி: என் பாக்கெட் ஃபில்டர் (வரும் பாக்கெட்டுகளைச் சலிக்கும் புரோகிராம்) பெரிய பாக்கெட்டில் பறக்கிறது, சின்னதில் திணறுகிறது. ஏன்?

பதில்: பிட்டை விடுங்கள், பாக்கெட்டை எண்ணுங்கள். 64 பைட் ஃபிரேமோடு (லைனில் போகும் சின்ன பாக்கெட்) லைனில் கூடவே போகும் 20 பைட்டையும் சேர்த்தால் 84. 10 கிகாபிட்டில் ஒன்றுக்கு 67 நானோசெகண்ட்; 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் கோரில் சுமார் 200 சைக்கிள். பிராசஸருக்குள் இருக்கும் வேக மெமரியான கேஷில் இல்லாத ஒன்றுக்காக மெமரி வரை போய்வந்தாலே அந்த நேரம் காலி. பாக்கெட்டுக்கு ஒரு இன்டரப்ட் (வேலையை நிறுத்தி பிராசஸரை அழைப்பது), ஒரு லாக் (மற்ற கோர்களைக் காக்கவைக்கும் பூட்டு) என்பதெல்லாம் கட்டுப்படியாகாது. 32, 64 என்று கொத்தாக எடுங்கள், பஃபரை முன்பே ஒதுக்கிவையுங்கள். அப்புறம், பாக்கெட்டை எண்ணக் கோருக்குக் கோர் தனி கவுன்டர் வையுங்கள். நான் ஒரே கவுன்டரை எல்லா கோருக்கும் பொதுவாக வைத்து, கோர் கூட்டக் கூட்ட வேகம் குறைவதைப் பார்த்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கேள்வி: ரவுட்டரில் பஃபரைப் பெரிதாக்கினால் பாக்கெட் தொலையாதே?

பதில்: தொலையாது, வரிசையில் காத்துக் கிடக்கும். டிசிபி பெரும்பாலும் இழப்பைப் பார்த்துத்தான் நெரிசலை உணர்கிறது. அதை மறைத்தால் பிங் எகிறும்.

கேள்வி: யூடிபி (ஒப்புகை கேட்காமல் பாக்கெட்டை அனுப்பும் முறை) மேல் சொந்த புரோட்டோகால் எழுதலாமா?

பதில்: யூடிபி மேலேயே ஓடும், 2021-ல் தரமாக வந்த க்விக் புரோட்டோகால் போதுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் போதும். எழுதியே தீருவேன் என்றால், நெரிசல் கட்டுப்பாடு இல்லாமல் எழுதாதீர்கள். அது இல்லாததால்தான் 1986-ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 32 கிலோபிட் வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. ஹெடரில் புரோட்டோகாலின் பதிப்பு எண் எல்லாப் பதிப்பிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பைட்டுகளை 32 பிட்டில் எண்ணினால் 10 கிகாபிட்டில் மூன்றரை விநாடிக்குள் எண் சுற்றிவந்துவிடும். பழைய பாக்கெட் எது, புதியது எது என்று தெரியாது. 64 பிட் வையுங்கள்.