வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு வாய்க்காலைப் பாருங்கள்

கேள்வி: பி.இ. சிவில் முடித்து, நகர திட்டமிடலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். ஒரு நகராட்சியில் நகரமைப்பு ஆய்வாளராகப் பணியாணை வந்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். "வீட்டு வரைபடத்தில் பக்க இடைவெளி அளப்பதுதான் அங்கே வேலை, படித்த திட்டமிடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை" என்று உடன் படித்தவர்கள் சொல்கிறார்கள். லஞ்சம், அரசியல் நெருக்கடி என்று வீட்டிலும் பயப்படுகிறார்கள். முதல் ஓராண்டில் நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? — தென்மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் மேசையில் கோப்புகள் குவிந்துவிடும். இரண்டு சென்ட் மனையில் மாடி வீடு கட்ட ஒரு விண்ணப்பம். கல்யாண மண்டபத்துக்கு வரும் வண்டிகள் தெருவை அடைக்கின்றன என்று ஒரு புகார். அனுமதி இல்லாத மனையை வரன்முறை செய்து தரக் கேட்டு ஒரு மனு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார் என்று ஒரு சண்டை. உங்கள் நண்பர்கள் சொல்லும் வேலை இதுதான், அதை நான் மறுக்கவில்லை. இதற்கும் திட்டமிடலுக்கும் சம்பந்தமில்லை என்பதைத்தான் ஏற்க மாட்டேன். ஊர் முழுவதற்குமான முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை எழுதுகிறார்கள். அதற்கு இடைப்பட்ட காலமெல்லாம் ஊர் வளர்வது உங்களைப் போன்ற ஓர் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதும் அரைப் பக்கக் குறிப்புகளை நம்பித்தான். இந்தத் துறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதல் ஓராண்டில் கள ஆய்வைக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றவை தானாக வரும்.

சட்டத்தை முதலில் படிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். படியுங்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சிறிய கட்டடங்களுக்கான அனுமதி உங்கள் நகராட்சியிலேயே முடிந்துவிடும். பெரிய கட்டடங்களும் மனைப்பிரிவுகளும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், தொழில்நுட்ப ஒப்புதல் பெற்றுத் திரும்பும். சென்னைப் பகுதி என்றால் அந்த இடத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இருக்கும். கோப்புகளின் இந்தப் போக்குவரத்தெல்லாம் மூன்று மாதத்தில் பழகிவிடும். விதியைத் தேடி எடுத்துவிடலாம், எதிரில் இருக்கும் நிலத்தைப் படிக்கத்தான் பழக்கம் வேண்டும்.

நான் அதைக் கற்றுக்கொண்ட விதம் எனக்கே வேதனை தருவது. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஊர் பெயர் வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு மனைப்பிரிவைப் பார்க்கப் போனேன். உரிமையாளரே காரில் அழைத்துப் போனார். சமன் செய்யப்பட்ட செம்மண் தரை, ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். "மண் எடுத்த குழி சார்" என்றார். அவர் கொடுத்த வரைபடத்திலும் அங்கே ஒன்றும் இல்லை. "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து ஐப்பசி மழையில் அந்த மனைப்பிரிவின் பதினோரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பிறகுதான் பழைய புலப்படத்தை, அதாவது அந்தப் புல எண்ணுக்கான நில அளவை வரைபடத்தை, எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்த கண்மாயின் உபரி நீர் போகும் வாய்க்கால் அது. மெல்லிய இரட்டைக் கோடாக அதில் தெளிவாக இருந்தது. நான் பார்த்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்த ஒரு பெண்மணியின் முகம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் களத்துக்குப் போகும் முன் சில காகிதங்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மனுதாரர் தரும் நகல் போதாது. புலப்படம் ஒன்று. கிராம நிலங்களின் வகையும் உரிமையும் எழுதியிருக்கும் அ-பதிவேடு ஒன்று, ஊரகப் பகுதியிலிருந்து புதிதாகச் சேர்ந்த வார்டுகளுக்கு அதுதான் ஆதாரம். பழைய நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு. முடிந்தால், பட்டாப் பதிவுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய கிராமப் படத்தையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். இன்று பட்டாவாகத் தெரியும் இடம் அதில் ஓடையாக இருக்கக்கூடும். கிராமக் கணக்குத் தெரிந்த ஒரு வயதான சர்வேயரின் நட்பு, நீங்கள் கற்ற புவியியல் தகவல் மென்பொருளைவிட முதல் ஆண்டில் அதிகம் உதவும். பிறகு இரண்டையும் சேர்த்து வேலை செய்யுங்கள். பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் நகராட்சிகளில் குறைவு. உங்கள் படிப்பு அங்கே உடனே பயன்படும்.

களத்தில் மனைக்குள் மட்டும் நிற்காதீர்கள், சுற்றி நடந்து பாருங்கள். பக்கத்துச் சாலையில் சிறுபாலம் இருந்தால் அதன் கீழ் வரும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். காரணம் இல்லாமல் யாரும் சிறுபாலம் கட்டுவதில்லை. கோடையிலும் கோரையோ சம்போ பச்சையாக நின்றால் அங்கே நிறுத்தி யோசியுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆடு மேய்ப்பவர், டீக்கடைக்காரர், அந்தத் தெருவின் மூத்த பாட்டி ஆகிய மூவரிடம் "பெருமழையில் இங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்டால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் இல்லாத செய்தியும் கிடைக்கும். கேட்டதையும் பார்த்ததையும் தேதி, நேரம், புகைப்படத்தோடு குறிப்பில் எழுதுங்கள். "விதிகளுக்கு உட்பட்டுள்ளது" என்ற வரி கடைசியில் வரட்டும். அதற்கு முன் நீங்கள் கண்ட நிலம் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த முறை என்று நினைக்க வேண்டாம். 1914இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கெட்டிஸ், தாவரவியல் பேராசிரியர், நம் ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்துத்தான் அறிக்கை எழுதினார். நெரிசலைக் குறைக்கிறோம் என்று குடியிருப்புகளை இடித்து நேர்ச்சாலை போடுவதை அவர் எதிர்த்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் சொன்ன வழி வேறு: பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, சந்துகளுக்கு இடையே மூச்சுவிட இடம் உண்டாக்குவது. எந்த வீடு பாழடைந்தது, எது வாழ்கிறது என்று நடந்தவருக்குத்தானே தெரியும்?

அடுத்தது திறந்தவெளி ஒதுக்கீடு. ஓர் இளநிலைத் திட்டமிடுநர் ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் 47 சென்டுக்கு மேல் போனால், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாகக் கட்டாயம் விட வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடம் தர இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 3,000க்குக் கீழ் ஒதுக்கீடு கிடையாது. இந்த அளவுகளைச் சொன்னதுமே தந்திரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நான்கு ஏக்கர் நிலத்தை மனைவி, மகன், மைத்துனர் பெயர்களில் எழுபது எழுபது சென்டாகப் பிரித்துத் தனித்தனி விண்ணப்பமாகப் போடுவார்கள். ஒவ்வொரு கோப்பும் தனியாகப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். பக்கத்துப் புல எண்களில் கடந்த சில ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களை ஒரே படத்தில் குறித்து வைத்திருக்கும் ஆய்வாளர் மட்டுமே அதைப் பிடிப்பார். அந்தப் படத்தை முதல் மாதமே தொடங்குங்கள்.

ஒதுக்கிய இடமும் தானாக நிலைக்காது. சாலையும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் நகராட்சி பெயருக்குப் பதிவாக வேண்டும். அதற்குப் பிறகுதான் இறுதி ஒப்புதல். பழைய மனைப்பிரிவுகளில் படத்தில் பூங்கா இருக்கும், தானப் பத்திரம் இருக்காது. பத்திரம் இருந்தால் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்காது. ஏறியிருந்தால் வேலி இருக்காது. சில இடங்களில் அதே நிலத்தைப் பிறகு மனையாக விற்றும் இருப்பார்கள். உங்கள் நகராட்சியின் பூங்கா இடங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் பத்திர எண், அளவு, இன்றைய நிலை என்று எழுதி ஆணையரிடம் கொடுங்கள். யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் செய்யுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பவர்கள் வழக்குக்குப் போனதால் கிடைத்த தீர்ப்பு அது. வழக்குக்குப் போகிறவர்களுக்குக் கையில் கொடுக்க உங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியலாவது இருக்க வேண்டும்.

வீட்டு வரைபடங்களைப் பொறுத்தவரை சுமை ஓரளவு குறைந்திருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோர் சுயசான்று கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி பெறலாம். சாதாரணக் குடும்பங்கள் அலைவது இதனால் குறையும், அதில் எனக்கு மகிழ்ச்சி. அனுமதிக்கு முந்தைய ஆய்வு இல்லாததால் கட்டும்போது பார்ப்பதன் பொறுப்பு கூடிவிட்டது. மீறலைக் கடைக்கால் தோண்டும் நாளில் பிடித்தால் கயிற்றை நகர்த்திக் கட்டினால் போதும். கூரை போட்டபின் பிடித்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் நோட்டீஸ், முத்திரை, மேல்முறையீடு, நீதிமன்றம் என்று ஆண்டுகள் போகும். வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளை வார்டு சுற்றவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் ஒரு பகுதிக்கென்று போட்ட பழைய விரிவான வளர்ச்சித் திட்டங்களில் வரைந்திருக்கும் சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, திட்ட அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். இதை அறியாமல் "இங்கே திட்டச் சாலை வருகிறது" என்று ஏழை ஒருவரின் வீட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இனி, வீட்டில் பயப்படுவது பற்றி. அந்தப் பயம் ஆதாரமற்றது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நகரமைப்புப் பிரிவுக்கு நல்ல பெயர் இல்லை, அதற்கு நாங்களே காரணம். பணம் புழங்கும் வாசல் எப்போதும் தாமதம்தான். அதனால் கோப்பை வைத்திருக்காதீர்கள். குறைகள் ஏழு இருந்தால் ஏழையும் முதல் கடிதத்திலேயே எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லி ஏழு முறை வரவழைப்பதுதான் இடைத்தரகருக்குச் சோறு போடுகிறது. விண்ணப்பதாரரை அலுவலக நேரத்தில், அலுவலக அறையில், கதவு திறந்திருக்கப் பாருங்கள். ஆய்வுக்கு அவர் வண்டியில் போகாதீர்கள், நான் போன அந்தக் காரை நினைத்துக்கொள்ளுங்கள். நகர்மன்ற உறுப்பினரோ வேறு யாரோ தொலைபேசியில் "பார்த்துச் செய்யுங்கள்" என்றால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "எழுத்தில் கொடுங்கள் ஐயா, கோப்பில் சேர்த்து ஆணையருக்கு அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் கடிதம் வராது. வந்தால் அதுவும் ஒரு மக்கள் கோரிக்கைதான், தகுதி இருந்தால் ஏற்கலாம். மேலதிகாரி உங்கள் குறிப்புக்கு மாறாக முடிவெடுக்கலாம், அது அவருடைய அதிகாரம். உங்கள் குறிப்பை மாற்றி எழுதச் சொன்னால் மட்டும் இணங்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கலாம். பத்து ஆண்டு கழித்து வெளியே வரும்போது உங்கள் கையெழுத்துக்கு மேலே நீங்கள் கண்டது மட்டுமே இருக்க வேண்டும். தனியாகக் களத்துக்குப் போகத் தயக்கம் இருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லி வருவாய் உதவியாளரையோ பணி ஆய்வாளரையோ உடன் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தனியார் ஆலோசனை நிறுவனத்துக்குப் போயிருக்கலாமோ என்ற எண்ணம் அவ்வப்போது வரும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை என்றது. அப்போது நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்டிருந்தவை 4,000க்கும் குறைவு, அவற்றிலும் பாதி காலியாக இருந்தன. முறையாகத் திட்டமிடல் படித்த ஒருவர் நகராட்சி மேசையில் உட்காருவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. மூன்று ஆண்டுகள் இருந்து பாருங்கள். இடையில் தேர்வாணையத்தின் நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் தேர்வு அறிவிப்பு வந்தால் எழுதுங்கள், இந்தியத் திட்டமிடுநர் நிறுவனத்தில் உறுப்பினராகவும் விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகு தனியாருக்குப் போக நினைத்தாலும், புலப்படம் படிக்கத் தெரிந்த திட்டமிடுநரை அவர்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நீங்கள் சேரும் நேரம் மழைக்காலமாக இருந்தால் மிக நல்லது. முதல் கனமழை நாளில் அலுவலகத்தில் இருக்காதீர்கள். குடையும் நகர வரைபடமும் எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் எங்கெல்லாம் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பென்சிலால் குறித்து வாருங்கள். அந்தப் படம் உங்கள் நகராட்சியில் இதுவரை இருக்க வாய்ப்பில்லை.