அரக்கோணத்துல எனக்கு வேலை, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு லேப்ல மனைவிக்கு வேலை, பட்ஜெட் 35 லட்சம். புரோக்கர் சேர்க்காடு பக்கம் மனை காட்டறார். வாங்கலாமா?

வேணாங்க. சேர்க்காடு மோசமான ஊர்னு சொல்ல வரல, யுனிவர்சிட்டி இருக்கு, காத்தோட்டமா இருக்கு, ரிட்டயர் ஆகி வீடு கட்டி தோட்டம் வெக்கறவங்களுக்கு நல்லாவே இருக்கும். ஆனா நீங்க ரெண்டு பேரும் தினமும் ஆளுக்கொரு பக்கம் ஓடறவங்க. நானும் சீசன் டிக்கெட் ஆளுதான், காட்பாடில ஏறி சென்னை போய்ட்டு ராத்திரி திரும்பறவன், வீட்ல அவங்க பாகாயத்துக்கு பஸ்ல போறாங்க, அதனால உங்க கேள்வி கிட்டத்தட்ட எங்க வீட்டு கதைதான்.

வேலூரப் பொறுத்தவரைக்கும் வீட்டு ரேட்ட கேக்கறதுக்கு முன்னாடி ஆத்துக்கு எந்தப் பக்கம்னு கேக்கணும். பாலாத்துக்கு தெக்க டவுன், கோட்டை, சிஎம்சி, சத்துவாச்சாரி, தொரப்பாடி, பாகாயம். வடக்க விருதம்பட்டு, காந்தி நகர், காட்பாடி, விஐடி. நடுவுல பாலம். காலைல எட்டரை மணிக்கு அந்தப் பாலத்தையும் தாண்டி கிரீன் சர்க்கிள்ல பெங்களூர் ரோட்டு வண்டிங்களோட மல்லுக்கட்டினு நிக்கறது இருக்கே, அத புரோக்கர் எவனும் சொல்ல மாட்டான், அவன் உங்கள கூட்டினு போறது ஞாயித்துக்கிழமை மத்தியானம், ரோடே காலியா இருக்கும். அதனால வேலை ஆத்துக்கு எந்தப் பக்கமோ வீடும் அந்தப் பக்கம்ங்கறது என் கணக்கு.

உங்க கேஸ்ல சிக்கல் இன்னான்னா மனைவிக்கு வேலை ஆத்துக்கு தெக்க, உங்களுக்கு அரக்கோணம் ரயில் வடக்க காட்பாடில. அப்போ எந்த வண்டி காத்திருக்காதோ அதுக்குப் பக்கத்துல வீடு எடுங்க. காட்பாடி டூ பாகாயம் ஒன்னாம் நம்பர், ரெண்டாம் நம்பர் பஸ் ஒன்னு போனா பின்னாடியே இன்னொன்னு வரும், ரயில் போனா போனதுதான். அதோட கவர்மென்ட் டவுன் பஸ்ல சாதாரண கட்டண வண்டின்னா 2021லேருந்து லேடீஸுக்கு டிக்கெட்டே கிடையாது, பிரைவேட் பஸ்ஸுக்கு அது பொருந்தாது. அதனால வீடு பாக்கறப்போ பஸ் வருதான்னு மட்டும் கேக்காதீங்க, கவர்மென்ட் பஸ் வருதா, ராத்திரி கடைசி வண்டி எத்தினி மணிக்குன்னு ஸ்டாப்ல பூ விக்கற அம்மா கிட்ட கேளுங்க, அவங்களுக்குதான் கரெக்டா தெரியும்.

ரயில் விஷயத்துல இன்னொரு ஏமாத்து வேலை நடக்கும். "ஸ்டேஷன் நடக்கற தூரம் சார்"னு சேவூர்லயும் திருவலத்துலயும் மனை காட்டுவாங்க. ஸ்டேஷன் இருக்கறது உண்மைதான், ஆனா அங்க பாசஞ்சர், மெமு மாதிரி வண்டிங்கதான் நிக்கும், எக்ஸ்பிரஸ்லாம் ஊதிட்டு போய்டும். வேலூர் கன்டோன்மென்ட்டும் அப்டிதான், பேரு பெருசு, ஆனா அது விழுப்புரம் போற ஒத்த லைன், வண்டி கம்மி. சென்னை பீச் ஸ்டேஷன்லேருந்து கன்டோன்மென்ட் வரைக்கும் வந்துனு இருந்த மெமுவ 2024ல திருவண்ணாமலை வரைக்கும் நீட்டிட்டாங்க, கிரிவலம் போறவங்களுக்கு நல்லது, பௌர்ணமி அன்னிக்கு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு உக்கார எடம் கெடைக்கறது கஷ்டம். அரக்கோணம் காட்பாடிலேருந்து 60 கிலோமீட்டர் சொச்சம்தான், எக்ஸ்பிரஸ் கெடச்சா முக்கா மணி நேரம், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், அந்த எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் காட்பாடிலயும் வாலாஜா ரோட்லயும்தான் நிக்கும். சூப்பர் ஃபாஸ்ட்ல ஏறணும்னா சீசன்ல தனியா சார்ஜ் கட்டணும், அதையும் மாசக் கணக்குல சேத்துக்கோங்க.

இப்ப காசு. சேர்க்காடு மனை சதுர அடி ரேட்டு கம்மின்னு தோணும். அங்கேருந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு பைக்ல போய்வர 30 கிலோமீட்டர்னு வெச்சா, 45 மைலேஜ் வண்டிக்கு ஒரு நாளைக்கு 70 ரூபா பெட்ரோல், மாசம் 25 நாளைக்கு 1,700 சொச்சம், ஸ்டேண்டுல வண்டி விடற காசு தனி. எட்டரை பர்சன்ட் வட்டில 20 வருஷத்துக்கு லோன் போட்டா ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ 868 ரூபா வருது. அப்போ உங்க பெட்ரோல் காசுலயே ரெண்டு லட்சம் லோன கட்டிடலாம். மனைவியும் தனி வண்டில போனா இன்னொரு ரெண்டு லட்சம். அதாவது ஸ்டேஷன் பக்கத்துல நாலு லட்சம் கூடச் சொன்னாலும் மாசக் கடைசில கைல மிஞ்சறது ஒன்னுதான், ஆனா தெனம் ஒரு மணி நேரம் தூக்கம் கெடைக்கும். வேலூர் வெயில் வேற தெரியும்ல, மே மாசம் 40 டிகிரிக்கு மேல போறப்போ நாலு மணிக்கு ஹெல்மெட் மாட்டினு திருவலம் ரோட்ல வந்து பாருங்க.

இன்னொன்னு, மனை வாங்கிட்டா வீடு வந்துடாது. எங்க தெருவுல போன வருஷம் கட்டினாங்க, மேஸ்திரி சதுர அடிக்கு 2,200க்கு கீழ வரவே மாட்டேன்னுட்டாரு. 800 சதுர அடி வீட்டுக்கே 17, 18 லட்சம் ஆச்சு, அதுக்கு மேல போர், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, ஈபி கனெக்‌ஷன், கட்டி முடிக்கற வரைக்கும் வாடகையும் இஎம்ஐயும் சேந்து போய்க்கினே இருக்கும். 35க்குள்ள முடியும்னு ஆரம்பிச்சவங்க நகைய வெச்சிதான் பால் காய்ச்சினாங்க.

அதனால நான் சொல்றது, ஆள் குடியிருக்கற தெருவுல ஒரு பழைய வீடு பாருங்க. காட்பாடி, விருதம்பட்டு, கழிஞ்சூர் பக்கம் பெருசா எதிர்பாக்காதீங்க, 800, 900 சதுர அடி எடத்துல ரெண்டு ரூம் வெச்சி கட்டின வீடு, கார் நிக்காது, முன்னாடி பைக் நிக்கும், அந்த மாதிரி. காந்தி நகர் மெயின்ல உங்க பட்ஜெட்டுக்கு தனி வீடு வரும்னு யாராவது சொன்னா பத்திரத்த ரெண்டு தடவ படிங்க. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல ரயில்வே மேம்பாலம் வருதான்னும் பாத்துக்கோங்க, 2022ல காட்பாடி மேம்பாலத்த ரிப்பேருக்கு மூடினப்போ அஞ்சு நிமிஷத்துல போறவங்கலாம் ஊர சுத்தினு போனாங்க.

நாங்க வாங்கின வீட்ட பத்தி கொஞ்சம் சொல்றேன், எதப் பாக்கணும்னு உங்களுக்குப் புரியும். வெளிய புதுசா பெயிண்ட் அடிச்சி பளபளன்னு இருந்துச்சி. உள்ள போனா முட்டிக்கால் உயரம் வரைக்கும் சுவத்துல பெயிண்ட் பொங்கி நின்னுது, வெரல்ல சுரண்டினா வெள்ளையா மாவு மாதிரி கொட்டுச்சி, உப்பு. ஓனர் "மழைக்கு ஓதம் சார்"னாரு. கூட வந்த எங்க மாமா போர் தண்ணிய ஒரு டம்ளர்ல புடிச்சி வாய்ல வெச்சாரு, துப்பிட்டாரு, அப்டியே பேரம் ஆரம்பிச்சி ஒன்றரை லட்சம் கொறச்சிட்டாரு. பக்கத்து வீட்டு அம்மா கிட்ட எங்க வீட்ல அவங்க "குடிக்கற தண்ணி எத்தினி நாளைக்கு ஒரு தபா விடறாங்கமா"ன்னு கேட்டு தெருக்குழாய் நெலவரத்த தெரிஞ்சிக்கினாங்க. காவேரி தண்ணி வருதுன்னு பொதுவா சொல்லுவாங்க, தெருவுக்குத் தெரு வித்தியாசம் இருக்கு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் பாக்கறதா இருந்தா தண்ணிய கண்டிப்பா டெஸ்ட் பண்ணிடுங்க, தோல் பதனிடற ஷாப்பு கழிவு நெலத்தடி தண்ணில எறங்கினது 1996லயே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன விவகாரம்.

மழைத் தண்ணியும் முக்கியம். 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் புரண்டு ஓடினத பாத்திருப்பீங்க, அது வரைக்கும் ஆத்துல கிரிக்கெட் ஆடினவங்கதான் நாமெல்லாம். அந்த டிசம்பர்ல திருவலம், முகுந்தராயபுரம் நடுவுல பொன்னை ஆத்து ரயில் பாலத்துல விரிசல் விட்டு வண்டிங்கள நிறுத்திட்டாங்க, நாங்கலாம் பஸ் புடிச்சி அல்லாடினோம். ஏரிக்குக் கீழ இருக்கற நகர்ல வீடு பாத்தா, ஏரி நெறைஞ்சி கலங்கல் போனா தண்ணி எந்தத் தெரு வழியா வரும்னு டீக்கடைல கேட்டுடுங்க. நகர்னு பேர் வெச்சா மேடாய்டாது.

பத்திரம்தான் எங்களுக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சி. மூலப்பத்திரம் ஓனரோட அப்பா பேர்ல, அவர் உயில் எழுதாம போய்ட்டாரு. வாரிசு சான்றுல மூணு பேர். விக்கறவர் கிட்ட அக்கா தன் பங்க விட்டுக்குடுத்து எழுதற விடுதலைப் பத்திரம் இல்ல. கேட்டா, "அக்கா சித்தூர்ல கல்யாணம் ஆகி செட்டில் ஆய்ட்டாங்க சார், அவங்க ஒன்னும் கேக்க மாட்டாங்க." எங்க வக்கீல் சிரிக்கக்கூட இல்ல. "கேக்க மாட்டாங்கன்னா வந்து கையெழுத்து போட சொல்லுங்க, போக்குவரத்து செலவு இவரே தருவாரு." பொண்ணுங்களுக்கும் சம பங்குன்னு சட்டம் இருக்கறப்போ, அந்தக் கையெழுத்து இல்லாம பேங்க்லயும் லோன் தர மாட்டாங்க. அந்தம்மா வந்தாங்க, போட்டாங்க, ஆனா தம்பி கிட்ட தனியா ஒரு தொகை வாங்கினுதான் போட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டோம், நியாயம்தானே.

வில்லங்கம் 30 வருஷத்துக்கு போட்டு பாருங்க, பதிவுத்துறை சைட்லயே பாக்கலாம். பட்டா, ஈபி கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாத்துலயும் ஒரே பேரா இருக்கணும். மனைப்பிரிவு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டான்னு பாருங்க, அப்ரூவல் இல்லாத பழைய மனைன்னா 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவானதா, 2017 விதிப்படி வரன்முறை பண்ணி ஆர்டர் வாங்கியிருக்காங்களான்னு கேளுங்க. சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு வீடு ஏதாவது மாட்டினா, போர்டு கிட்டேருந்து விற்பனைப் பத்திரம் ஆயிருக்கான்னு பாருங்க, வெறும் ஒதுக்கீட்டு ஆர்டர வெச்சிகினு கைமாத்தறவங்களும் இருக்காங்க.

புரோக்கர் இந்நேரம் உங்க கிட்ட அப்துல்லாபுரம் ஏர்போர்ட், பெங்களூர் எக்ஸ்பிரஸ்வே, பனப்பாக்கம் டாடா கார் கம்பெனின்னு மூணையும் சொல்லியிருப்பாரு. டாடா நெஜம், 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க, நம்ம பசங்களுக்கு வேலை கெடச்சா சந்தோஷம். ஆனா அதெல்லாம் மனைய விக்கறவனுக்கு லாபம். குடியிருக்கப் போற உங்களுக்கு அரக்கோணம் வண்டி புடிக்க அது எதுவும் ஒதவாது.

கைல எவ்ளோ ரொக்கம் வேணும்னு பாத்துக்கோங்க. 30 லட்சத்துக்கு மேல லோன்னா வீட்டு மதிப்புல 80 பர்சன்ட்தான் தருவாங்க, 30 லட்சம் வரைக்கும் 90 பர்சன்ட் வரைக்கும் தரலாம்னு ரூல், ஆனா அந்த மதிப்பு பேங்க் ஆள் வந்து போடறது, நீங்க பேசின வெல இல்ல, பழைய வீடுன்னா கொறச்சிதான் போடுவாங்க. பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 பர்சன்ட், 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். மனைவி பேர்ல போட்டா ஒரு பர்சன்ட் கம்மின்னு சொல்லுவாங்க, அது 2025 ஏப்ரல்லேருந்து இருக்கு, ஆனா 10 லட்சம் மதிப்பு வரைக்கும்தான், உங்களுக்கு வராது. உங்களுக்கு வரக்கூடியது பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0 வட்டி மானியம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, லோன் 25 லட்சத்துக்குள்ள, இந்தியால எங்கயும் சொந்தமா பக்கா வீடு இருக்கக் கூடாது. எல்லாம் பொருந்தினா அஞ்சு தவணையா 1.80 லட்சம் வரைக்கும் லோன் கணக்குல வரவு வெப்பாங்க. 25க்கு மேல ஒரு ரூபா லோன் எடுத்தாலும் போச்சு, அதனால லோன் அப்ளிகேஷன் குடுக்கறதுக்கு முன்னாடியே பேங்க்ல இத பேசிடுங்க, சாங்ஷன் ஆனப்புறம் கொறைக்க சொன்னா இழுத்தடிப்பாங்க.